வீரமலையின் கொக்கி

"கொக்கியைக் குடுடா."

வெங்காய மண்டி முதலாளி அழகர்சாமி கையை நீட்டிக்கொண்டு நின்றார். மூட்டையில் குத்திய கொக்கியை வீரமலை விடவில்லை.

"எதுக்கு முதலாளி?"

"எதுக்கா? நீ இருமுறது தெருக்கோடி வரைக்கும் கேக்குது. கண்ணு ரெண்டும் மிளகாப் பழம். நெத்தியில வெங்காயத்தை வெச்சா வதங்கிடும். இதுல எதுக்குன்னு கேள்வி வேற!"

"லேசா ஜலதோஷம்தாங்க."

"ஆமாடா, உங்கள்ல ஒருத்தனுக்கும் ஃப்ளூ இல்ல. எல்லாருக்கும் ஜலதோஷம்தான். குடுடா இங்க!"

பிடுங்கியே விட்டார்.

ஐம்பத்தேழாம் வருஷம். திருச்சி முழுக்க அந்தப் புதுக் காய்ச்சல்தான் பேச்சு. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவனுக்குக் கொக்கிதான் உத்தியோகம். முதலாளி அதைப் பிடுங்கினால் சீட்டுக் கிழிந்தது என்று அர்த்தம்.

"இந்த லோடை மட்டும் இறக்கிட்டுப் போயிடறேன் முதலாளி."

"மண்டிக்குள்ள காலை வெச்சே, ஒடிச்சுப்புடுவேன். மேஸ்திரி, இவனை வெளியில அனுப்புங்க!"

மேஸ்திரி சின்னையா தலையைக் குனிந்துகொண்டார். லோடு கொண்டுவந்த துறையூர் வியாபாரி ஒருத்தர் பக்கத்து ஆளின் காதைக் கடித்தார்: "அரையணாவுக்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டுற மனுஷன். இவர்கிட்டப் போய் ஈரத்தை எதிர்பார்க்க முடியுமா?"

வீரமலை துண்டை உதறித் தோளில் போட்டான்.

"என் முதுகுத் தோலு இந்த மண்டியில தேஞ்சிருக்கு முதலாளி. அதுக்கு நல்ல மரியாதை பண்ணிட்டீங்க."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வெளியே போனான். தெரு திரும்பியதும் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

உய்யக்கொண்டான் வாய்க்கால் கரைக் குடிசையில் பொன்னுத்தாய் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பாயை விரித்தாள்.

"நல்லதாப் போச்சு. படுங்க."

"படுத்தா அடுப்பு எரியுமாடி?"

"நான் பாத்திரம் தேய்க்கிற ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்ல எல்லாருக்கும் இதே காய்ச்சல். மொத்த வீடும் படுத்துச்சு, மொத்த வீடும் எந்திரிச்சுருச்சு. நேத்து கோயிலுக்கே போயிட்டு வந்துட்டாங்க. நம்ம சந்துல மட்டும் ஏங்க பாடை மேல பாடையாப் போகுது?"

"அவங்க உடம்புல தெம்பு இருக்கு."

"தெம்பில்லாமலா அம்மாசி அண்ணன் சாகுற அன்னைக்கு வரைக்கும் உங்க கூட மூட்டை தூக்குச்சு? காய்ச்சல் ஒண்ணுதாங்க. படுக்க முடிஞ்சவங்க பொழைச்சுக்கிட்டாங்க. அதுக்கு வழியில்லாதவங்க போய்ச் சேர்ந்தாங்க."

வீரமலை துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டான்.

"அந்த ஐயங்கார் வீட்டு அம்மாகிட்டக் கொஞ்சம் அரிசி கேக்கட்டுமா?"

"ஓசிச் சோறு தின்னுட்டுப் படுத்துக் கெடக்கணுமா? அதுக்கு மூட்டைக்கு அடியிலயே செத்துப் போறேன். நாளைக்குப் போயி என் கொக்கியை வாங்காம விட மாட்டேன்."

மறுநாள் பொன்னுத்தாய் ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பியதும் இவன் மார்க்கெட்டுக்குக் கிளம்பினான். நின்று, உட்கார்ந்து, மறுபடி நடந்து, ஒரு வழியாக மண்டிக்கு வந்து சேர்ந்தான்.

வாசலில் லாரி நின்றது. சின்னையா மேஸ்திரி குறுக்கே ஓடி வந்தார்.

"ஏம்ப்பா, எந்திரிச்சா வந்தே? உனக்கென்ன பைத்தியமா?"

"என் கொக்கி எங்க மேஸ்திரி?"

"அது வேலை பாத்துக்கிட்டிருக்கு."

"யார் கையில?"

சின்னையா மோவாயால் காட்டினார்.

தலையை மூடித் துண்டு கட்டிய ஒருத்தன் முதுகில் மூட்டையோடு தள்ளாடித் தள்ளாடி வந்துகொண்டிருந்தான். கையில் வீரமலையின் கொக்கி. பிடியில் சுற்றிய சிவப்புத் துணி பொன்னுத்தாயின் பழஞ்சேலைக் கிழிசல்; வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது.

வீரமலைக்குக் காய்ச்சல் மறந்துபோயிற்று.

"எவன்டா அவன்? என் பொழைப்புல மண்ணைப் போட்டவன் மூஞ்சியைக் காட்டுடா!"

பாய்ந்துபோய்த் துண்டை இழுத்தான்.

மூட்டை தொப்பென்று விழுந்தது. வேர்வை வழிய, மூச்சு இரைக்க, எதிரே நின்றது அழகர்சாமி.

"முதலாளி... நீங்களா?"

"ஏன், நான் தூக்கினா மூட்டை வர மாட்டேங்குதா? நான் இந்த மார்க்கெட்டுக்கு வந்ததே மூட்டை தூக்கத்தான்டா. தள்ளி நின்னு இருமு!"

சின்னையா வீரமலையின் தோளைப் பிடித்தார்.

"நம்ம செட்டுல கூலிப் பங்கு ஆளுக்கு இல்லையேப்பா, கொக்கிக்குத்தானே? எந்தக் கொக்கி அன்னைக்கு மூட்டை தொட்டுச்சோ, அந்தக் கொக்கிக்காரனுக்குப் பங்கு. நேத்து உன்னை அனுப்பினதுலேருந்து உன் கொக்கியை இவர் கீழ வைக்கல. உன் பங்கு என் மடியில இருக்கு."

"சும்மா குடுத்தா வாங்குற மூஞ்சியா இது?" என்று அழகர்சாமி சீறினார். "எம் மேலயே விட்டெறிவான்! அம்மாசியும் இப்படித்தான், காய்ச்சலை மறைச்சு மறைச்சே என் கண்ணு முன்னால போயிட்டான். பங்கு உன் கொக்கி சம்பாதிச்சது. வாங்கிட்டு நடையைக் கட்டு."

வீரமலை உள்ளே அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தான். முதுகு தானாக நிமிர்ந்தது.

"அடுக்கு கோணலா இருக்கு முதலாளி. என் கொக்கி அடுக்கினதுன்னு வெளியில சொன்னா எனக்குத்தான் கேவலம்."

அழகர்சாமி விழுந்த மூட்டையில் மறுபடி கொக்கியைக் குத்தினார்.

"அப்ப போய்ப் படுத்துக் கெடந்து, உசுரோட திரும்பி வந்து, நீயே நிமித்துடா!"