ஒரு கரண்டி கீரை

கோர்படிப் பகுதியிலுள்ள வீட்டுச் சமையலறையில் மதிய வெயில் சாய்ந்திருக்கிறது. கிரிஜா பாலக் கீரையை மத்தால் மசிக்கிறாள். கணவர் வெங்கடேஸ்வரனின் இதயத்துடிப்பு தாறுமாறானதிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்க அவர் போடும் மாத்திரைக்கு ஆகாதென்று பயந்து, கீரையே வாங்காத வீடு. இன்று காலை கேம்ப் பகுதி கிளினிக்கில் டாக்டர் சிரித்துவிட்டார். கீரையை நிறுத்தவே வேண்டாமாம், அளவு மாறாமல் சாப்பிட்டால் போதுமாம். துடிப்பும் கட்டுக்குள் வந்துவிட்டதாம். கீரைக்கட்டோடு மூன்று மாடியும் மூச்சிரைக்காமல் ஏறி வந்தவர், மசித்துப் போட்டதைச் சாப்பிட்டு, தட்டை வழித்துவிட்டு நீட்டுகிறார். "இன்னும் ஒரு கரண்டி போடேன்." கல்யாணமான நாளாகக் கீரையைத் தட்டோரம் ஒதுக்கியவர். "அளவுன்னு சொன்னாரே, உங்க காதுல விழலையா?" இத்தனை வருஷம் கெஞ்சிக் கெஞ்சிப் பரிமாறியவள், பாத்திரத்தை மூடி, மூடிமேல் கையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.