இருநூற்றுப் பதினொரு பேரில் ஒருத்தி

சென்னையிலிருந்து ஆய்வேடு திரும்பி வந்திருந்தது. முதல் பக்கத்தில் பேராசிரியர் பென்சிலால் எழுதியிருந்தார்: ஏழாம் எண், கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லை. கேட்டு எழுதவும். இல்லையேல் ஆளை நீக்கவும்.

புதுக்கோட்டைக் கல்லூரியில் சரித்திரம் கற்பிக்கும் குழந்தைசாமி, அதன் வாசலில் நின்றபடியே அதை இரண்டு முறை படித்தார்.

யுத்தத்தின்போது பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த இருநூற்றுப் பதினொரு பேரைப் பற்றிய ஆய்வு அது. கறம்பக்குடி, பொன்னமராவதி என்று சைக்கிளில் போய், எந்த நாட்டுப் பிரஜை என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதியிருந்தார். பாதிப் பேர் புதுக்கோட்டை மகாராஜாவின் பிரஜை என்றார்கள். அந்தச் சமஸ்தானமும் இந்த மார்ச்சில் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது.

கடைசிக் கேள்வி: திரும்பிப் போகலாமென்றால் போவீர்களா?

ஏழாம் எண், சொர்ணம். நாற்பத்திரண்டில், குளத்தூர்ச் சத்திரத்தில், வீங்கிய கால்களை நீட்டியபடி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவள், அதற்கு மட்டும் பேசாமல் இருந்துவிட்டாள்.

ஆறு வருஷமாயிற்று. மறுபடி கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது பர்மா தனி நாடு. பிரஜையாக விரும்புகிறவர்கள் சீக்கிரம் மனுப் போடவேண்டும் என்று பேச்சு. 'உடனே புறப்பட்டு வா' என்று ரங்கூனிலிருந்து சொர்ணத்தின் அக்காள் அவளுக்கு எழுதியிருந்ததும் அவருக்குத் தெரியும்.

சைக்கிளில் ஏறி, ஆளை நீக்கிவிடலாமா என்று பாதி வழிவரை யோசித்தார். இருநூற்றுப் பத்தும் நல்ல எண்தான்.

சொர்ணம் கிணற்றடியில் அயிரை மீனை உப்புப் போட்டு உரசிக்கொண்டிருந்தாள். அவர் சைக்கிளைப் பிடித்தபடியே, காகிதத்தில் இருந்த வார்த்தைகளை அப்படியே வாசித்தார்.

அவள் கை நின்றது.

"இதக் கேக்க இம்புட்டு நாளா? அக்காவுக்குப் போன வாரமே எழுதிப் போட்டுட்டேன். போகமாட்டேன்னு எழுதிக்கங்க."

பேனா மூடியைத் திறக்க அவருக்குச் சற்று நேரமானது.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு."

"அதுல ஒங்க பேரை எழுதிப்புடாதீங்க. பெரிய வாத்தியாரு சிரிப்பாரு."

குடும்பக் காரணம் என்று எழுதினார். மை காயும்வரை ஊதினார்.

பிறகு சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, மனைவிக்கு ஒரு வாளி தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்.