மரவட்டை முதுகில் இடம்

கட்டெறும்புக்கு இருப்புக்கொள்ளவில்லை. எறும்புகள் ஆளுக்கொரு வண்டின் மேல் ஏறி அரிசி சுமக்க ஆரம்பித்ததிலிருந்து, புற்றுக்குப் போகிற பாதை முழுக்க நெரிசல்.

“பாதையை அகலமாக்குவோம். புத்தோட மேற்குப் பக்கத்தை இடிச்சாப் போதும்,” என்று கூட்டத்தில் முதலில் சொன்னது அதுதான்.

மரவட்டை மெல்லத் தலை தூக்கியது. “எதுக்குங்க இடிக்கணும்? என் முதுகுல நாப்பது பேர் போகலாமே.”

“உன் மேல நெருக்கியடிச்சு நின்னுக்கிட்டு, உட்கார்ந்திருக்கிறவங்க கிட்ட அரிசியைப் பிடிங்கன்னு கெஞ்சணுமா?” என்று சீறியது கட்டெறும்பு.

மேற்குப் பக்கம் இடிந்தது. பத்தே நாளில் புதுப் பாதையையும் வண்டுகள் அடைத்துக்கொண்டன. கட்டெறும்பு தன் வண்டின் மேல் நெளிந்துகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்: “கிழக்குப் பக்கத்தையும் இடிச்சிட்டா சரியாயிடும்.”

கிழக்கில்தான் கட்டெறும்பின் வீடு.

அது அரிசியோடு கீழே குதித்தது. பாதையோரமாக ஊர்ந்து போய்க்கொண்டிருந்த மரவட்டையின் பின்னால் ஓடியது. “அண்ணே, இடமிருக்கா?”

“ஏறுங்க.”

நிற்கத்தான் இடமிருந்தது. உட்கார்ந்திருந்த சிற்றெறும்பு ஒன்று முன்காலை நீட்டியது. மேற்குப் பக்கத்தில் வீட்டைப் பறிகொடுத்த எறும்பு அது.

“அரிசியை இப்படிக் கொடுங்க, நான் வச்சுக்கிறேன்.”