பென்சில் கோடுகள்

புது மேனேஜர், பழைய மேனேஜர் விட்டுப்போன நிர்வாகப் புத்தகத்தை, சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் மேடத்தின் மேசைமேல் பொத்தென்று போட்டார். திங்கட்கிழமை முதலாளி வருகிறார். வந்தால் மேனேஜரின் வேலை போவது உறுதி.

“பழைய மேனேஜர் இருபது வருஷம் இந்தத் தொழிற்சாலையைக் கட்டி மேய்ச்சவர். இதுல அவர் கோடு போட்டு வெச்ச ஒவ்வொண்ணையும் அச்சுப் பிசகாம செஞ்சேன். தினம் காலையில மீட்டிங், ஒரு ஆணி எடுக்க மூணு படிவம். உற்பத்தி பாதியா விழுந்துடுச்சே, எப்படி மேடம்?”

மேடம் பக்கங்களைப் புரட்டினார்.

“சார், இதெல்லாம் அவர் செஞ்சு பார்த்து, இங்க சரிப்படாதுன்னு தள்ளினது. கம்பெனிப் புத்தகமாச்சே, குறுக்கே அடிச்சா எழுத்து மறைஞ்சிடும்னு அடியில பென்சில்ல கோடு போட்டார். எங்கிட்ட சொல்லிட்டேதான் போடுவார்.”

“அடக் கடவுளே! முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“மூணு மாசமா நீங்க ஒரு வார்த்தை கேக்கலையே சார்.”

அவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். முதல் அத்தியாயத்தில் கோடு படாமல் ஒரே ஒரு வரிதான் இருந்தது: ‘அங்கே வேலை செய்பவர்களைக் கேளுங்கள்.’

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“திங்கட்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. சொல்லுங்க மேடம்.”