இரண்டு மூலை மனைகள்

சுண்ணாம்புக் கோடு பஞ்சாயத்துச் சாலையைத் தொட்டதும் என் கைத்தடியை அதன் குறுக்கே வைத்தேன்.

"இந்தத் தெரு இங்க வரக் கூடாது."

லேஅவுட் வரைகிற ஜெகதீசன் வெயிலுக்குத் தலையில் கைக்குட்டை கட்டியிருந்தார். காரின் முன்பக்கத்தில் வரைபடத்தை விரித்து, பொறுமையாக மறுபடியும் விளக்கினார்.

திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே எங்கள் நிலம். அதன் நடுவே முப்பதடித் தெரு. கிழக்கில் சாலையிலிருந்து புறப்பட்டு, நேராக மேற்கே போய்க் கடைசி மனையில் முட்டுகிறது. தெருவின் இரு பக்கமும் மனைகள். சாலையோரம் முகப்பு வளைவு. வளைவில் என் அப்பாவின் பெயர்.

அந்தக் கடைசி மனையைப் பற்றிக் காலையிலேயே பேச்சு வந்தது. தெரு நேராக வந்து குத்துகிற வீடு விளங்காது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புவது. தெருக்குத்து மனையை எவன் வாங்குவான் என்று என் தம்பி மகன் ஆனந்தன் கவலைப்பட்டான்.

ஜெகதீசன் சிரித்தார். "சுவத்துல ஒரு புள்ளையாரு வெச்சிகினா சரியா பூடும் சார். கல்பாக்கம் ஸ்டாஃபே அப்டித்தான் வாங்கிகினு போறாங்க."

சரி என்றேன். அந்த முனையில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆட்சேபம் இந்த முனையில். சாலைக்கு எதிர்ப்புறம், கோட்டுக்கு நேராக, ஒரு நீல வீடு. கொடியில் டிரைவர் சட்டை காய்ந்தது. வாசலில் சின்னதாக ஒரு சைக்கிள்.

ஏசுதாஸின் வீடு. என் மகள் ரேணுகா அவனோடு போய்ப் பல வருடமாகிறது. போன அன்றைக்கே எனக்கு மகள் இல்லை என்று ஊரறியச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் சொன்னால் சொன்னதுதான்.

"தெருவ வடக்கு எல்லைக்குத் தள்ளுங்க" என்றேன். "அங்க எதிர்ல சவுக்குத் தோப்புதான்."

ஆனந்தன் பதறினான். "பெரிப்பா, எல்லையோரமா போனா ஒரு பக்கந்தான் மனை வரும். ரெண்டு மூல மனைல ஒண்ணு பூடும். மொதல்ல விக்கிறதே அதான். இன்னா பேஜாரு இது?"

"உங்க தாத்தா பேர் போட்ட வளைவு அந்த வாசலப் பாத்துகினு நிக்கணுமா?"

அந்தக் காரணம் அவனுக்குப் போதுமானதாக இருந்தது. ஜெகதீசன் நீல வீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ரப்பரை எடுத்தார்.

ஆட்கள் பழைய கோட்டைக் காலால் தேய்த்து அழித்தார்கள்.

துணி எடுக்க வந்த ரேணுகா கொடியருகே நின்றிருந்தாள். சாலை குறுகல். நாங்கள் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும்.

"இன்னா ஆனந்தா, தெருகூட எங்க வூட்டப் பாக்கக் கூடாதாமா உங்க பெரிப்பாவுக்கு?"

எங்கள் வீட்டுக் குரல். யாருக்கும் அடங்காது.

ஆனந்தன் தலையைக் குனிந்துகொண்டான். என்னிடம் பதில் இருந்தது. ஆனால் மகள் இல்லை என்று சொன்னவன் யாரிடம் பேசுவது? தடியை எடுத்துக்கொண்டு வடக்கே நடந்தேன்.

புதுக் கோடு சவுக்குத் தோப்புக்கு நேராக விழுந்தது. முதல் கல்லை என் கண் முன்னாலேயே நடச் சொன்னேன். கொஞ்சம் தெற்கே சாய்ந்திருந்தது. பிடுங்கி மறுபடி நட வைத்தேன்.

கடைசி மனையை வாங்குகிறவன் தன் சுவரில் பிள்ளையாரை வைத்துக்கொள்வான்.

ரேணுகாவின் வாசலுக்கு மேலே சிமெண்டில் ஒரு சிலுவை. அந்தச் சுவரில் யாரும் பிள்ளையார் வைக்கப் போவதில்லை.