ஈரத்துணி, வெர்ஷன் அறுபத்தொன்று

"யார் பார்த்த வேலை இது? இப்பவே எனக்குத் தெரிஞ்சாகணும்!"

மேலாளர் போட்ட சத்தத்தில் அறையின் கண்ணாடிக் கதவு ஒரு முறை அதிர்ந்து நின்றது. அலுவலகத்தில் அவருக்குக் குக்கர் என்று பெயர். அது அவருக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எதிரே அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தார். மூத்த புரோகிராமர். மேலாளரைவிட இரண்டு வயது சின்னவர்தான். ஆனாலும் அலுவலகம் முழுக்க அவரை அக்கா என்று கூப்பிடப்போய், மேலாளர் வாயிலும் அதுவே நிலைத்துவிட்டது.

அந்த நிறுவனம் செய்து விற்பது மெயில் அனுப்பும் மென்பொருள். அவர்களுடைய சொந்த மெயிலும் அதன் வழியாகத்தான் போகும், வரும். அதை வாங்க வந்த ஒரு பெரிய இடம் புதிதாக ஒன்று கேட்டிருந்தது. உள்ளே பேக்கேஜ் என்கிற குட்டிப் புரோகிராம்கள் என்னென்ன இருக்கின்றன, ஒவ்வொன்றும் யார் எழுதியது, எதற்கு என்று முழுப் பட்டியல் வேண்டுமாம். ஐந்து மணிக்கு அது முதலாளியம்மா கையில் இருந்தாக வேண்டும்.

"நான் எடுத்துத் தரேன் சார்" என்று காலையிலேயே வந்து நின்றார் அக்கா.

"ஏன், எனக்குக் கை மறந்தா போச்சு?"

பத்தே வரியில் மேலாளரே ஒரு புரோகிராம் எழுதிவிட்டார். மருந்து பாட்டிலில் சீட்டு ஒட்டியிருக்கிற மாதிரி, ஒவ்வொரு பேக்கேஜும் தன் விவரத்தைத் தன்மேலேயே ஒட்டிவைத்திருக்கும். இவர் எழுதிய புரோகிராம் மென்பொருளுக்குள்ளேயே நின்றுகொண்டு, அங்கே குடியிருக்கிற ஒவ்வொன்றையும் கூப்பிட்டு, 'உன் பேர் என்ன, யார் பெத்த பிள்ளை, எதுக்கு இங்க வந்தே?' என்று விசாரித்தது.

நூற்று நாற்பத்திரண்டு பேக்கேஜ்கள் ஒழுங்காகப் பதில் சொல்லின. அடுத்தது சொன்ன பதில்தான் இப்போது திரையில் நின்றது.

பெயர்: ஈரத்துணி.
வெர்ஷன்: 61.
எழுதியவர்: வேண்டியவர்.
பயன்: சூடு ஆறும்வரை.

"வேண்டியவராம்! என்ன கொழுப்பு! யாருன்னு சொல்லலைன்னா மொத்த டீமுக்கும் இன்னிக்குக் கடைசி நாள். இதோ, மெயிலே போடறேன்."

விசைப்பலகை கதறியது. ஆச்சரியக்குறியை மட்டும் பதினொரு தடவை குத்தினார். அனுப்பினார்.

"போகாது சார்."

"ஏன் போகாது?"

"அதான் ஈரத்துணியோட வேலை. நான்தான் எழுதினேன். மூணு ஆச்சரியக்குறிக்கு மேல இருந்தா, இல்ல திட்டற வார்த்தை இருந்தா, மெயிலை வரிசையில நிறுத்தி வச்சுக்கும்."

மேலாளர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"எத்தனை நாளா?"

"நாலு வருஷமா. நீங்க புதுசா ஒரு வசவு கண்டுபிடிப்பீங்க, நான் ஒரு வெர்ஷன் ஏத்துவேன். இப்ப அறுபத்தொண்ணுல நிக்குது."

"அப்ப நான் திட்டினது யாருக்குமே போய்ச் சேரலையா?"

"உங்க மெயில் முந்நூத்திப் பன்னிரண்டு நிக்குது சார்."

"பதிலே வரலையேன்னு பார்த்தேன். பயந்துட்டாங்கன்னு நினைச்சேனே!" நாற்காலியில் தொப்பென்று சாய்ந்தார். "அந்த எருமைமாடு மெயில்?"

"அதுவும்தான்."

"பத்தி பத்தியா எழுதினேன், அக்கா! ராத்திரிச் சாப்பாட்டைக்கூட விட்டுட்டு!"

"படிச்சேன் சார். நல்ல நடை."

பாராட்டு ஒரு கணம் உள்ளே இறங்கியது. சட்டென்று நிமிர்ந்தார்.

"என்னைக் கேக்காம என் மெயிலை நிறுத்த நீங்க யாரு?"

"தப்புதான் சார். ஆனா மறுநாள் காலையில நீங்களே சிரிச்சுக்கிட்டு வந்து எல்லாருக்கும் டீ சொல்லுவீங்க. அதுக்கப்புறம் அதை எப்படி சார் அனுப்பறது?"

"வேற பேர் போட்டாவது மறைச்சிருக்கலாம் இல்ல?"

"சீட்டுல பொய் எழுதக் கூடாதுன்னு ஆபீஸ் விதி சார். நீங்க போட்டதுதான்."

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நாற்பது.

"எடுங்க அதை. இப்பவே. பட்டியல்ல அந்தப் பேரே இருக்கக் கூடாது. அப்புறம் உங்க வேலை இருக்கா இல்லையான்னு பேசிக்கலாம்."

"எடுக்கறேன். ஆனா எடுத்த உடனே வரிசையில நிக்கறது எல்லாம் மொத்தமா அவங்கவங்களுக்குப் போய்ச் சேர்ந்துடும். போன மாசம் முதலாளியம்மாவுக்கு நீங்க ஒண்ணு எழுதினீங்களே, அதுவும் சேர்த்து."

மேலாளர் தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் குடித்தார்.

"அதை மட்டும் அழிச்சிடுங்க" என்றார் மெதுவாக. "மத்தது போகட்டும். மத்தவங்களுக்குக் கொஞ்சம் பயம் இருக்கணும்."

"சரி சார்." அக்கா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து நாலு தட்டுத் தட்டினார். விரலைப் பொத்தானுக்கு மேலே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"உங்களோடது அழிஞ்சிடுச்சு. அவங்களோடதை என்ன சார் பண்ணட்டும்?"

"எவங்களோடது?"

"முதலாளியம்மாவோடது. உங்களை வேலையை விட்டுத் தூக்கறதா அவங்க எழுதின மெயில் ஏழு நிக்குது சார். உங்களைவிட ஆச்சரியக்குறி ஜாஸ்தி."