நோயாளியைப் பார்க்க வந்தவள்

எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் தனராஜ் கிராணி வீட்டில் புற்றுநோய், எலும்பு வரைக்கும் பரவிவிட்டது என்று கேள்விப்பட்டதும், எஸ்டேட் தமிழ்ப்பள்ளிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த வாத்தியாரின் மனைவி குணவதி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு கிளம்பிவிட்டாள்.

கிராணி கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார்.

"எப்படி இருக்கீங்க?"

"என்னத்தச் சொல்ல. எல்லாம் முடிஞ்சு போச்சு."

"அக்காவைக் காணோமே?"

"தேயிலைக் காட்டுப் பக்கம் நடக்கப் போயிருக்கா."

குணவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் இப்படிக் கிடக்கிறார், பெண்டாட்டிக்கு உலாத்தல் கேட்கிறதா?

அரை மணி கழித்து வியர்வையோடு திரும்பி வந்த மனைவி ருக்குமணி, கிராணிக்குக் கஞ்சி கொடுத்து, தலையணையைச் சரிசெய்தாள். குணவதியால் பொறுக்க முடியவில்லை.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. சீக்காளிய வீட்டுல வச்சிக்கிட்டுத் இப்படி நடக்கப் போனா, லயத்து வீடுகள்ல நாலு பேரு என்ன பேசுவாங்க?"

ருக்குமணி அவளை அடுப்படிக்கு அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"மார்புல கட்டி வந்தது எனக்குத்தான்லா, தங்கச்சி. எலும்புக்கும் போயிருச்சு. படுத்துறாதீங்க, முடிஞ்ச மட்டும் நடங்கன்னு ஈப்போ டாக்டர் சொன்னாரு. எனக்கு இப்படின்னு கேட்ட அதிர்ச்சியில வந்து படுத்தவருதான் இவரு. ரெண்டு மாசமாச்சு. ஆறுதல் சொல்ல வர்றவங்களும் அவருக்கே சொல்லிட்டுப் போயிடுறாங்க."

"நான் என்னக்கா செய்யணும்?"

"நாளைக்குக் காலையில என்கூட நடக்க வர்றியா? தனியாப் போனா கண்டதும் ஞாபகம் வருது."